அசோர்ஸ் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்ற: விசாவிலிருந்து டெபாசிட் கைக்கு வரும் வரை

2024 ஆகஸ்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த படகு, நாங்கள் இல்லாமலேயே ஃபயால் தீவின் ஓர்ட்டா துறைமுகத்தில் ஒரு வாரம் சும்மா கட்டிக் கிடந்தது. படகுக்கு முழுப் பணம் கட்டியாயிற்று, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று, விசா மட்டும் வரவில்லை. புறப்பட வேண்டிய நாளுக்கு ஆறு நாள் கழித்துப் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது, திறந்து பார்த்தால் உள்ளே விசா ஒட்டியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறு வருடம் ஜூனில் திரும்ப முயன்று, நான், மனைவி, நண்பர்கள் இரண்டு பேர் என்று நான்கு பேராகப் போய் வந்தோம். அந்த இரண்டு வருடத்தில் எங்கெங்கே இடறினேனோ அதையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு லண்டனில் வேலை, கையில் இந்தியப் பாஸ்போர்ட். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் விசாப் பகுதியை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தும்.

1. ஒன்பது தீவையும் பார்க்க ஆசைப்படாதீர்கள்

அசோர்ஸ் போர்ச்சுகலுக்குச் சொந்தம். லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர், நடு அட்லாண்டிக். வரைபடத்தில் ஒன்பது தீவும் ஒரு கொத்தாகத் தெரியும், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். உண்மையில் அவை மூன்று கூட்டம். மேற்கே ஃப்ளோரஸ், கோர்வு. நடுவில் ஃபயால், பீக்கோ, சௌ ஜோர்ஜ், டெர்செய்ரா, கிராசியோசா. கிழக்கே சௌ மிகேல், சான்டா மரியா. நடுக்கூட்டத்திலிருந்து ஃப்ளோரஸ் போக 130 கடல் மைலுக்கு மேல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்). பாய்மரப் படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல்தான் போகும் என்று வைத்தால் ஒரு முழுப் பகலும் இரவும் கடலிலேயே கழியும். டெர்செய்ராவிலிருந்து சௌ மிகேலுக்குச் சுமார் 90, அதுவும் ஓர் இரவுப் பயணம்.

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளூர்க்காரர்கள் முக்கோணம் என்று சொல்லும் ஃபயால், பீக்கோ, சௌ ஜோர்ஜ் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர்ட்டாவிலிருந்து எதிரே பீக்கோவின் மடலேனாவுக்கு ஐந்து கடல் மைல் கூட இல்லை. சௌ ஜோர்ஜின் வேலாஸ் ஊருக்கு இருபது சொச்சம். எல்லாம் பகலிலேயே முடிகிற தூரம். பத்து நாள் இருந்தால் வேலாஸிலிருந்து டெர்செய்ராவின் ஆங்க்ரா வரை, சுமார் 50 மைல், போய் வரலாம். இரண்டு வாரத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு ஃப்ளோரஸ் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே லாஜெஸ் துறைமுகத்தை 2019 அக்டோபரில் லொரென்சோ புயல் அடித்து நொறுக்கிவிட்டது, அதற்கு முன்னால் எழுதிய பயணக் குறிப்புகளை நம்பி இறங்கினால் படத்தில் இருக்கும் துறை வேறு, நேரில் இருப்பது வேறு.

2. மாதம்: ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை

வானிலைச் செய்தியில் அசோர்ஸ் உயரழுத்தம் என்று ஒன்று அடிக்கடி வரும். கோடையில் அது தீவுகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், காற்று மிதமாக இருக்கும், சில நாள் காற்றே இருக்காது. எங்களுக்கு ஏழு நாளில் இரண்டு நாள் முழுக்க எஞ்சின்தான். பாய்மரப் படகு எடுத்துவிட்டு டீசல் வாசனையிலா என்று கோபம் வரும், ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு அதுவே நல்லது. மே மாதம் காற்று நன்றாக இருக்கும், ஆனால் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் படகுகள் எல்லாம் மேயிலும் ஜூன் தொடக்கத்திலும் ஓர்ட்டாவில்தான் வந்து குவியும், கட்ட இடம் கிடைக்காது. செப்டம்பரில் கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், விலையும் குறையும், ஆனால் புயலின் வால் ஏதாவது வந்து தொடக்கூடிய காலம் அது. என் ஓட்டு ஜூன் கடைசி வாரத்துக்கு.

3. லைசென்ஸ்: ஒரு வருடம் முன்பே ஆரம்பியுங்கள்

ஸ்கிப்பர் (படகை ஓட்டும் தலைவர்) இல்லாமல் நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இரண்டு தாள் வேண்டும். ஒன்று ஐ.சி.சி. (கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை, பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழ்.) இன்னொன்று வி.எச்.எஃப். ரேடியோ இயக்குவதற்கான ஷார்ட் ரேஞ்ச் சான்றிதழ். முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம், நானும் மறந்தேன். ஒரு நாள் வகுப்பு, ஒரு சின்னத் தேர்வு, அவ்வளவுதான், ஆனால் சான்றிதழ் தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு வழி சுலபம். ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் படகோட்டிகள் அமைப்பின் டே ஸ்கிப்பர் செய்முறைப் பயிற்சி ஐந்து நாள். அதில் சேருமுன் குறைந்தது ஐந்து நாள் படகில் இருந்திருக்க வேண்டும், 100 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும், நான்கு மணி நேரம் இரவில் ஓட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாதவர் முதலில் காம்பிட்டன்ட் க்ரூ என்ற ஐந்து நாள் வகுப்பில் சேர்ந்தால் இந்தக் கணக்கில் பெரும்பகுதி அங்கேயே நிரம்பிவிடும். டே ஸ்கிப்பர் முடித்த சான்றிதழைக் காட்டினால் தனித் தேர்வு இல்லாமலே ஐ.சி.சி. கிடைக்கும், ஐந்து வருடம் செல்லும். விண்ணப்பத்தில் பாய்மரம் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். விசைப்படகு மட்டும் டிக் செய்து அனுப்பிவிட்டு, சான்றிதழ் வந்த பிறகு தலையில் கை வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லையா? ஸ்கிப்பரோடு படகு எடுங்கள். ஒரு நாளைக்கு 200 யூரோவை ஒட்டிக் கேட்பார்கள், அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் நம் பொறுப்பு. நான்கு படுக்கைப் படகில் நான்கு பேர் போய் ஐந்தாவதாக ஸ்கிப்பரை வரச் சொன்னால் அவர் எங்கே படுப்பார்? இதை யோசித்துவிட்டுப் படகின் அளவை முடிவு செய்யுங்கள்.

வணிகக் கப்பலில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் தகுதிச் சான்றிதழ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் படகு வாடகை விடுபவர் அதை ஏற்பாரா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு லட்சம் டன் கப்பலை ஓட்டியவர் என்றாலும் 12 மீட்டர் படகுக்கு அவர்கள் கேட்கிற தாள் வேறு.

4. படகு: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

அசோர்ஸில் வாடகைப் படகுகள் கிரீஸ், குரோஷியா மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. ஓர்ட்டா, சௌ மிகேலின் பொன்டா டெல்காடா, டெர்செய்ரா என்று சில இடங்களில், சில கம்பெனிகள். அதனால் ஜூலைக்கு வேண்டுமானால் அதற்கு முந்தைய நவம்பரிலேயே பேச வேண்டும். எங்கே எடுக்கிறீர்களோ அங்கேயே திருப்பிக் கொடுப்பதுதான் மலிவு. ஒரு தீவில் எடுத்து வேறு தீவில் விடுவது என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. முக்கோணம் மட்டும் போவதாக இருந்தால் ஓர்ட்டாவில் எடுங்கள். விமானம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பொன்டா டெல்காடாவில் எடுத்தால் முதல் இரவே 90 மைல் திறந்த கடல்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ரத்து விதி. எங்கள் முதல் ஒப்பந்தத்தில், புறப்படும் தேதிக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. விசா மறுப்போ தாமதமோ காரணமானாலும் அதே கதைதான். இரண்டாம் தடவை வேறொரு கம்பெனியிடம், விசா வராவிட்டால் அந்தப் பணத்தை அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று ஒரே ஒரு வரி மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். கேட்டதும் கொடுத்தார்கள். முதல் தடவை நான் கேட்கவே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னும் மூன்று தாள் அவர்களிடம் கேளுங்கள், விசாவுக்கு வேண்டும்: கையெழுத்தான ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, எல்லோர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள க்ரூ பட்டியல்.

5. விசா: இங்கேதான் கவிழ்ந்தேன்

அசோர்ஸ் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) வருகிறது. தனியாக அசோர்ஸ் விசா என்று ஒன்றும் இல்லை, வந்திறங்கியதும் விசா என்பதும் இல்லை. குறுகிய கால ஷெங்கன் விசாதான், 180 நாளில் 90 நாள் என்ற அதே கணக்கு. போகும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள், மேலும் விசாரிக்க வேண்டும் என்றால் 45 நாள் வரை போகலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேலே.

விதியில் உள்ள 15 நாளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கோடைக்கு முன்னால் மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. 2024-இல் நான் ஜூன் கடைசியில் தேடினேன், ஜூலை நடுவில்தான் ஒரு நாள் கிடைத்தது, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். 2025 ஜூன் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே போய்க் கொடுத்தேன், மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

இனி படகுக்காரர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல். எங்கே தங்குகிறீர்கள் என்று ஓட்டல் முன்பதிவு கேட்பார்கள். படகில் தங்குகிறேன் என்று சொன்னதும் கவுன்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'முகவரி என்ன?' என்றார். நடுக்கடலுக்கு என்ன முகவரி? முதல் தடவை விழித்தேன், 'தங்குமிடச் சான்று முழுமையாக இல்லை' என்று ஒரு குறிப்போடுதான் என் கோப்பு உள்ளே போனது. தாமதத்துக்கு அதுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாம் தடவை செய்தது இது: முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் ஓர்ட்டாவில் ஓட்டல் அறை போட்டேன் (எப்படியும் தேவைப்படும்), நடு நாட்களுக்குப் படகு ஒப்பந்தம், க்ரூ பட்டியல், அதோடு எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்று ஒரு பக்க அட்டவணை. அட்டவணையில் 'வானிலையைப் பொறுத்து மாறும்' என்று அடியில் ஒரு வரி. மறு கேள்வி இல்லை.

மற்றதெல்லாம் வழக்கமானவை. ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்ட, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ள பாஸ்போர்ட். வங்கி அறிக்கை. வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். போக வர டிக்கெட். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பிரிட்டனில் வசிப்பவர் என்றால் மின்விசாவுக்கான ஷேர் கோடு (நம் வசிப்புரிமையை மற்றவர் இணையத்தில் சரிபார்க்கும் குறியீடு). அந்த ஷேர் கோடு 90 நாளில் காலாவதியாகிவிடும், விண்ணப்பம் கொடுக்கும் வாரத்தில் புதிதாக எடுங்கள்.

மாலுமிகளிடம் உள்ள சி.டி.சி. புத்தகத்தை (கப்பல் பணிப் பதிவேடு) நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். உல்லாசப் படகில் நீங்கள் சுற்றுலாப் பயணிதான்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக ஈ.ஈ.எஸ். என்ற கணினிப் பதிவு தொடங்கிவிட்டது. முதல் தடவை போகிறவர்களுக்குப் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்ய நேரம் பிடிக்கும். லிஸ்பனில் இறங்கி அசோர்ஸ் விமானம் மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். மூன்றரை, நான்கு மணி நேரமாவது வையுங்கள்.

6. காப்பீடு: 12 மைல் பொறி

விசாவுக்கு என்று வாங்கும் மலிவான காப்பீட்டில் பாய்மரப் படகு ஓட்டுவது அடங்குமா என்று பாருங்கள். அடங்கும் என்று போட்டிருந்தாலும், 'கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள்' என்று ஒரு வாசகம் எங்காவது ஒளிந்திருக்கும். முக்கோணத்துக்குள் சுற்றினால் பரவாயில்லை. டெர்செய்ராவிலிருந்து சௌ மிகேல் போகும் இரவில் நடுவே எந்தக் கரையும் 12 மைலுக்குள் இருக்காது. எனக்கு இது தெரிந்ததே பணம் கட்டிய பிறகு. தனியாக ஒரு படகுக் காப்பீடு எடுத்து, பழையதை விசாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

டெபாசிட்டுக்கும் காப்பீடு உண்டு. எங்கள் படகுக்கு டெபாசிட் 2,500 யூரோ, கடன் அட்டையில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு செல்லாது என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள்.

7. சொந்தப் படகில் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக

என்னிடம் சொந்தப் படகு இல்லை. பக்கத்தில் கட்டியிருந்தவர்களைப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஷெங்கனுக்கு வெளியிலிருந்து வந்தால் மஞ்சள் கொடி ஏற்றி, நேரே ஓர்ட்டாவின் வரவேற்புத் துறையில் கட்டி, படகுப் பதிவுச் சான்றின் அசல், காப்பீடு, வாட் (மதிப்புக் கூட்டு) வரி கட்டிய சான்று, க்ரூ பட்டியல், எல்லோருடைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போக வேண்டும். க்ரூ பட்டியலை நான்கைந்து பிரதி எடுத்து வையுங்கள், தீவுக்குத் தீவு கேட்பார்கள். படகும் உரிமையாளரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் என்றால் வாட் கட்டாமல் 18 மாதம் படகை வைத்திருக்கலாம். ஆனால் அது படகின் கணக்கு. ஆளின் கணக்கு 90 நாள்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து தவிக்கிறவர்கள் உண்டு.

8. சாமான், சாப்பாடு

பிரிட்டனிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ போகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் வைத்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகக்கூடாது. நெய்யும் பால் பொருள்தான். அம்மா உருக்கிக் கொடுத்த நெய் என்றெல்லாம் சுங்கத்தில் பேச முடியாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் விட்டுவிடுங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, ஊறுகாய் போதும். அரிசி, பருப்பு, முட்டை, மீன், காய் எல்லாம் ஓர்ட்டா சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். தயிருக்கும் வெண்ணெய்க்கும் பஞ்சமே இல்லை, அந்தத் தீவுகளில் மனிதர்களை விட மாடுகள் அதிகமோ என்று தோன்றும்.

சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போனோம், அது எங்கள் மொத்தப் பயணத்தின் புத்திசாலித்தனமான முடிவு. படகு அடுப்பு தொட்டில் மாதிரி ஆடும், சாதாரணப் பாத்திரத்தில் சாதம் வடித்தால் கஞ்சி காலில் விழும். குக்கர் மூடியிருக்கிறது, பாத்திரப் பிடியில் இறுக்கி வைத்தால் படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மூன்று விசிலில் பொங்கல். பீக்கோவும் சௌ ஜோர்ஜும் இரண்டு பக்கமும் நிற்க, நடுக்கால்வாயில் விசில் சத்தம் கேட்டதும் சுக்கானைப் பிடித்திருந்த நண்பர் வேறு படகு ஏதோ எச்சரிக்கை கொடுக்கிறது என்று பயந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

குமட்டலுக்கு மாத்திரை வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முந்தின இரவே ஆரம்பியுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

9. படகை வாங்கிக்கொள்ளும் நாள்

மாலை ஐந்து மணிக்குக் கொடுப்பார்கள், நாமும் களைப்பில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடங்கள். பாய்களை விரித்துத் தையலைப் பாருங்கள். நங்கூர மோட்டாரை இயக்கிப் பாருங்கள், சங்கிலி எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். உயிர்காப்பு அங்கிகளின் எண்ணிக்கை, அவற்றில் உள்ள வாயுக் குப்பியின் தேதி, ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீப்பந்தங்களின் காலாவதித் தேதி. கழிவறைப் பம்பு. சின்ன ரப்பர் படகில் ஒட்டுப் போட்ட இடங்கள் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரேடியோவில் சானல் 16-ஐத் திறந்தே வைத்திருங்கள். ஆபத்து என்றால் பொன்டா டெல்காடாவில் உள்ள கடல் மீட்பு மையம்தான் கேட்கும். கரைக்குப் பக்கத்தில் கைபேசி எடுத்தால் 112.

இன்னொன்று. அசோர்ஸ் கடிகாரம் லிஸ்பனை விட ஒரு மணி நேரம் பின்னால். கோடையில் அது யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தோடு அப்படியே பொருந்திவிடும், வானிலைத் தாளில் யு.டி.சி. என்று போட்டிருந்தால் கூட்டல் கழித்தல் இல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

10. கடலில் ஏமாற்றும் மூன்று விஷயங்கள்

காற்று. போர்ச்சுகல் வானிலைத் துறையான ஐ.பி.எம்.ஏ. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) என்று சொல்லும், வெளியே 12-தான் இருக்கும். ஆனால் பீக்கோ மலை 2,351 மீட்டர், கடலிலிருந்தே எழும்பி நிற்கிறது. ஃபயாலுக்கும் பீக்கோவுக்கும் இடையில் உள்ள கால்வாயில் அதே காற்று நெருக்குப்பட்டு 22, 25 என்று எகிறும். மலைக்குப் பின்னால் போனால் சுத்தமாக நின்றுவிடும், நின்றுவிட்டதே என்று பாயை முழுக்க விரித்தால் மேலிருந்து ஒரே அறை. கால்வாய்க்குள் நுழையும் முன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள், பிறகு பிரிப்பது சுலபம். சௌ ஜோர்ஜின் செங்குத்துக் கரை ஓரத்திலும் இதே கதை.

நங்கூரம். கரையை ஒட்டியே ஆழம் சரேலென்று இறங்கும், அடியில் எரிமலைப் பாறை. மணல் கிடைக்கும் இடங்கள் குறைவு. சௌ ஜோர்ஜின் தென்கரையில் ஒரு மத்தியானம் நீந்தலாம் என்று போட்டோம், எடுக்கப் போனால் வரவில்லை. முன்னால் போய், பின்னால் போய், சுற்றி வந்து, ஒன்றரை மணி நேரம். கடைசியில் நண்பர் மூச்சடக்கி மூழ்கி, நங்கூரத்தின் ஒரு கை பாறை இடுக்கில் சாவி போட்ட மாதிரி மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். நங்கூரத்தின் தலைப்பக்கம் ஒரு தனிக் கயிறு கட்டி, அதன் நுனியில் மிதவை போட்டு விட்டிருந்தால் அந்தக் கயிற்றை இழுத்தே தலைகீழாக எடுத்திருக்கலாம். கயிறு படகிலேயே இருந்தது, சோம்பேறித்தனம்தான் காரணம். ஆழத்தை விட ஐந்து மீட்டர் நீளமான கயிறு போதும்.

நீந்த இறங்குமுன் தண்ணீரைப் பாருங்கள். நீலமும் ஊதாவுமாக ஒரு காற்றுப்பை மிதந்தால் அது போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று பெயர் வாங்கிய, சொறிமுட்டை மாதிரியான ஒரு கடல் உயிரி. அழகாக இருக்கும், தொட்டால் சாட்டையடி. அதன் இழைகள் பல மீட்டர் நீளம், பை தூரத்தில் இருக்கிறதே என்று நினைக்க முடியாது.

11. மரினாக்கள் (படகு கட்டும் துறைகள்)

எங்கே கட்டினாலும் முதல் வேலை அலுவலகம், பாஸ்போர்ட்டும் படகுத் தாள்களும். நேற்றுத்தான் பக்கத்துத் தீவில் காட்டினோமே என்று சொல்லிப் பயனில்லை. பத்து நிமிட வேலை. 38 அடிப் படகுக்கு எங்களுக்கு ஓர் இரவுக்கு 20 யூரோவை ஒட்டி ஆனது. இங்கிலாந்தின் தென்கரையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது தர்மச் சத்திரம்.

ஓர்ட்டாவில் கூட்டம் இருந்தால் படகோடு படகாக ஒட்டிக் கட்டச் சொல்வார்கள். கயிறுகளை நீளமாக, ஃபெண்டர்களை (படகுகள் உரசாமல் இடையில் தொங்கவிடும் மெத்தைகள்) தயாராக வைத்திருங்கள். கரைக்குப் போக அடுத்தவர் படகைக் கடக்க வேண்டும், அணியம் வழியாகக் கடந்து போங்கள், அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தின் வழியாகப் போகாதீர்கள். அங்கே துறைச் சுவரெல்லாம் படகுக்காரர்கள் வரைந்த ஓவியம், வரையாமல் போனால் கடல் கோபிக்கும் என்று நம்பிக்கை. நாங்கள் ஒரு சிறு டப்பா வெள்ளைப் பெயின்டும் நீலமும் வாங்கினோம். பழைய ஓவியத்தின் மேல் வரையாதீர்கள், முழுக்க அழிந்துபோன இடமாகப் பாருங்கள். அடிப்பூச்சுக் காய ஒரு பகல் வேண்டும் என்பதால் கடைசி நாளைக்கு வைக்காதீர்கள்.

வேலாஸ் மரினா சின்னது, மதியத்துக்குள் போய்விடுங்கள். செங்குத்துப் பாறையின் அடியில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையிலிருந்து பச்சைக் குழந்தையும் கிழவரும் மாறி மாறிச் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவை கடற்பறவைகள், உள்ளூரில் ககாரு என்பார்கள், பகலெல்லாம் கடலில் மேய்ந்துவிட்டு இருட்டிய பிறகு கூட்டுக்கு வரும். தூக்கம் முக்கியம் என்றால் காதுக்குப் பஞ்சு.

பீக்கோ மலை ஏற ஆசை இருந்தால் படகை ஓர்ட்டாவிலேயே விட்டுவிட்டு மடலேனாவுக்கு ஃபெரியில் போங்கள், அரை மணி நேரம். மலையடி நிலையத்தில் பெயர் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும், ஒரே நேரத்தில் மேலே இருக்கக்கூடிய ஆட்களுக்கு வரம்பு உண்டு. முன்பதிவு செய்யாமல் போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்தோம். ஏறி இறங்க ஒரு முழு நாள் வையுங்கள்.

12. எங்களுக்கு ஆன செலவு

நான்கு பேருக்கு, ஒரு வாரம், 2025 ஜூன். படகு 3,200 யூரோ. கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, ரப்பர் படகு எஞ்சின் என்று அங்கே போன பிறகு கேட்டது 310. டெபாசிட் காப்பீடு 180. மரினா 120 சொச்சம். டீசல் 70. மளிகையும் வெளிச் சாப்பாடும் சேர்த்து 600. விமானம் ஆளுக்கு 340. இரண்டு ஓட்டல் இரவுக்கு இரண்டு அறை 400. விசா, படகுக் காப்பீடு தனி. ஆக ஆளுக்கு 1,600 யூரோவுக்குள் அடங்கியது. இதில் டே ஸ்கிப்பர் வகுப்புச் செலவைச் சேர்க்கவில்லை, முந்தின வருடம் தண்ணீரில் போன பணத்தையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனைவி இதைப் படிக்கும்போது வம்பு.

13. திருப்பிக் கொடுப்பது

கடைசி இரவு ஓர்ட்டாவிலேயே இருங்கள். வேலாஸில் இருந்துகொண்டு காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்ட ஒரு குடும்பம், காற்று எதிரே திரும்பி 28 நாட் ஆனதால் வந்து சேர மாலையாகி, விமானத்தையும் விட்டு, தாமதக் கட்டணமும் கட்டியது. டீசல் பங்க் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், நிரப்பிய ரசீது வேண்டும்.

ஒப்படைக்கும்போது அவர்கள் ஆள் ஒருவர் முக்குளித்துப் படகின் அடியைப் பார்ப்பார். எங்களுக்கு அடியில் ஒன்றும் இல்லை, ரப்பர் படகில்தான் வந்தது வினை. ஒரு ஒட்டைக் காட்டி, இது புதிது, 250 யூரோ என்றார். முதல் நாள் எடுத்த வீடியோவைத் தேடி, அதே ஒட்டு, பக்கத்தில் என் செருப்பு, மேலே தேதி என்று காட்டினேன். தோளைக் குலுக்கிவிட்டு அந்த வரியை அடித்தார். அதற்குப் பிறகும் டெபாசிட் என் அட்டையிலிருந்து விடுபட பதினொரு நாள் ஆனது. 'சேதம் இல்லை, முழு டெபாசிட்டும் விடுவிக்கப்படும்' என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விமான நிலையத்துக்கு டாக்சி சொல்லுங்கள்.